தெரிய வேண்டாமா?

ஜூலை 7, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது, வாய்க்கசப்பு விடவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு பெருங்குடிக்கு ஷேர் ஆட்டோ. ஏறியதுமே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். வரைபடத்தில் இடம் காட்டுகிற சிவப்புக் குமிழ் வடிவத்தில் கேக். நான் படுத்திருந்த நாட்களில், எங்கள் 'கூடவே' ஆப்பில் இருப்பிடம் காட்டுவதை நிறுத்துகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்களாம். மேனேஜர் ஹேமந்த் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி பேசினான். "இது ஏன்னு எல்லாரும் கேக்குறாங்க. சிம்பிள். தமிழ் ஃபேமிலில பாசம் ஜாஸ்தி. நாம அந்தப் பாசத்துக்கு ஒரு பட்டன் குடுத்தோம். இஸ்ஸி, நீ இல்லாதப்பவே இவ்ளோ நடந்திருக்கு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். என் பெயர் இசக்கி. எங்கள் பக்கத்தில் அது கோபக்கார அம்மனின் பெயர். இஸ்ஸி என்றால் ஏதோ கிரீம் பிஸ்கட் போலிருக்கிறது. இரண்டு வருடமாகத் திருத்திப் பார்த்துவிட்டேன்.

'கூடவே' என்பது வீட்டில் ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவர்கள் ஃபோனில் புள்ளியாகப் பார்த்துக்கொள்ளும் ஆப். அதன் தமிழ் முழுக்க என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த கதையே வேடிக்கைதான். சென்னைக்கு வர வேண்டுமென்றால் இது ஃபோனில் இருக்க வேண்டும் என்று அண்ணன் ஏற்றிவிட்டான். அம்பாசமுத்திரத்தில் அவனுக்கு செல்ஃபோன் கடை. அதிலிருந்த தமிழ் தாங்காமல் பிழைகளை எழுதி இவர்களுக்கு அனுப்பினேன். கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வீட்டில் ஏதோ மொழிபெயர்ப்பு வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று மாலை ஹாஸ்டலில் துணி காயப்போட்டுவிட்டு வந்து என் ஃபோனில் 'கூடவே'யை நிறுத்தினேன். ஏதோ கேட்டது, வேண்டாம் என்றேன், பச்சை டிக் வந்தது. இவ்வளவுதான். இதற்கு இத்தனை நாள் பயந்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

நிறுத்தினால் வீட்டாருக்குத் தகவல் போகும். அண்ணனிடமிருந்து நேற்றிரவே ஃபோன் வரும் என்று பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். வரவில்லை.

ஜூலை 9, புதன்

நூலகம். மந்தைவெளி. மழைத்தூறல்.

ஜூலை 13, ஞாயிறு

தலையணை உறை, பெட்ஷீட் எல்லாம் துவைத்தேன். வாளிக்காகக் கீழ் அறைப் பெண்ணோடு சண்டை. நான்தான் ஜெயித்தேன், வெட்கமாக இருந்தது.

நிலப்படங்களின் வரலாறு பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் போய்ப் பார்க்காத இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவார்களாம், அல்லது ஒரு திமிங்கிலம் வரைந்துவிடுவார்களாம். தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்கு ஒரு படம் இருந்திருக்கிறது.

மதியம் அண்ணன் பேசினான். "சாப்டியாட்டி?" என்றான், "காச்சல் போயிட்டா?" என்றான், வைத்துவிட்டான். நிறுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவனை நான்தான் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேனோ? கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு மனிதர்கள் மாறலாம். சாயங்காலம் கடற்கரையில் விற்ற சோழிக் கொத்து ஒன்று வாங்கி வைத்தேன், அடுத்த முறை போகும்போது குழந்தைக்குக் கொடுக்க.

ஜூலை 16, புதன்

நூலகம். இன்று திரும்பி வரவே மனமில்லை.

ஜூலை 17, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் ஃபோன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு நானே நம்பாமல் போகலாம்.

"ஏட்டி, புதங்கெழமை தோறும் எங்கட்டி போற?"

"லைப்ரரிக்கு."

"லைப்ரரி ரோட்டுக்கு இந்தப் பக்கம். புள்ளி அந்தப் பக்கம்லா நிக்கி. பின்தெரு, மாடி வீடு. ரெண்டு மணி நேரம் அசையாம நிக்கி. அங்ஙன என்ன புஸ்தகம் குடுக்கான்?"

கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே வைத்தேன்.

"சரி, சாப்பிடு. ஆறிரும்" என்று வைத்துவிட்டான். குரலை உயர்த்தவே இல்லை. குரலை உயர்த்துகிற அண்ணனை எனக்குத் தெரியும். இவனைத் தெரியவில்லை.

கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு ஆப்பைத் திறந்தேன். இருப்பிடம் காட்டுவது அப்படியே இருந்தது. நிறுத்தும் பக்கத்துக்குப் போனேன். நான் எழுதிய வாக்கியம் அங்கே இல்லை. நான் எழுதியது 'இருப்பிடம் காட்டுவதை நிறுத்தவா?' கீழே 'நிறுத்து', 'தொடர்'. அதற்குப் பதில் இப்போது இருந்தது:

'இனி உங்கள் வீட்டாருக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரிய வேண்டாமா?'

கீழே இரண்டு பட்டன். 'ஆம்'. 'வேண்டாம்'.

'ஆம்' என்றால் நிற்கும். 'வேண்டாம்' என்றால் நிறுத்துவது வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, பச்சை டிக் போட்டு, தொடரும்.

தமிழில் பேசுகிற யாரிடமாவது 'தெரிய வேண்டாமா?' என்று கேட்டால், தெரிய வேண்டாம் என்று நினைப்பவள் என்ன சொல்வாள்? 'வேண்டாம்' என்பாள். கேட்ட சொல்லையே பதிலாகத் திருப்பித் தருவதுதான் நம் பேச்சு. ஆம் என்றாலும் வேண்டாம்தான், வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். இரண்டு கதவு வைத்து, எல்லோரும் நுழைகிற கதவுக்குப் பின்னால் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்க வேண்டியவள் நான். வேலையாக இருந்திருந்தால் பிடித்திருப்பேன். அன்றைக்கு நான் வேலை பார்க்கவில்லை, வீட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மாடி வீட்டைப் பற்றி: தா. என்று மட்டும் எழுதுகிறேன். மூன்று வருடமாக. புள்ளிக்குப் பயந்து நூலகத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டோம்; நிறுத்திவிட்டேன் என்று நம்பித்தான் இந்த இரண்டு புதனும் வீட்டுக்கே போனேன். அண்ணனுக்கு ஒத்துவராத எல்லாக் காரணங்களும் தா.விடம் உண்டு.

ஜூலை 18, வெள்ளி

காலையில் முதல் வேலையாக ஹேமந்திடம் போனேன். வாக்கியத்தைக் காட்டி, படிக்கச் சொன்னேன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ்தான்.

"நல்லாத்தானே இருக்கு? நான்தான் எழுதினேன். எமோஷனலா இருக்கட்டும்னு."

"எமோஷன் இருக்கட்டும். பட்டன் தப்பு. வேண்டாம்னு அமுக்குறவங்க நிறுத்திட்டோம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"யார் சொன்னா?"

"தமிழ் சொல்லுது."

"இஸ்ஸி, தமிழ் சொல்லுது, தொல்காப்பியர் சொன்னார்னு மீட்டிங்ல பேச முடியாது. டேட்டா கொண்டா. ஒரு யூசரைக் காட்டு."

ஒரு யூசர் அவன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். சொல்லவில்லை. என் வாழ்க்கையை இவன் மேசையில் ஆதாரமாக வைக்க எனக்கு இஷ்டமில்லை.

புகார்கள் வரும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 'நிப்பாட்டியும் மாமியாருக்குத் தெரியுது.' 'டிக் வந்துச்சு சார் ஆனா அவர் பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்னார்.' 'ப்ளீஸ் ஹெல்ப்.' எல்லாவற்றுக்கும் நம் பக்கத்திலிருந்து ஒரே பதில் போயிருந்தது: ஃபோனை அணைத்துப் போடவும்.

அச்சடித்து ஹேமந்த் மேசையில் வைத்தேன். மாலையில் பார்த்தால் அதன் மேல் அவனுடைய டிபன் பாக்ஸ்.

ஜூலை 21, திங்கள்

இன்று செய்தது சின்னத்தனம். செய்யும்போது சந்தோஷமாக இருந்தது.

ஹேமந்த் புது வருடத்திலிருந்து சர்க்கரை தொடுவதில்லை. தினமும் யாரிடமாவது அதைச் சொல்லாமல் இருப்பதும் இல்லை. பதினோரு மணிக்குக் காபி மெஷினைச் சுற்றி எல்லோரும் நின்றோம். நான் கப்பை நிரப்பிக்கொண்டே கேட்டேன்.

"ஹேமந்த், சர்க்கரை வேண்டாமா?"

"வேண்டாம்."

கைக்கு வந்த அளவு போட்டுக் கலக்கி, "சரி" என்று கட்டை விரலையும் உயர்த்திக் காட்டிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தான். கை கழுவும் தொட்டிக்கு ஓடித் துப்பினான்.

"வேண்டாம்னு சொன்னேன்ல!"

"சொன்னீங்க. சர்க்கரை வேண்டாங்கிறதே வேண்டாம்னு எடுத்துக்கிட்டேன். உங்க ஸ்கிரீன்ல அப்படித்தானே?"

முதலில் சிரித்தது ஜெபின். நாகர்கோவில்காரன், அந்தப் பக்கத்தை ஆப்பில் ஏற்றியவனே அவன்தான். அடக்க முடியாமல் மெஷின் மேல் சாய்ந்துவிட்டான். பிறகு மற்றவர்கள். ஹேமந்த் சட்டையைத் துடைத்தான்.

"ஒரு காபியும் ஆறு லட்சம் யூசரும் ஒண்ணா?"

"இல்ல. காபியைத் துப்பலாம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. ஜெபின் மட்டும் என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாக, "போதும் மக்கா, இதுக்கு மேல வேண்டாம் கேட்டியா" என்றான். அந்த வேண்டாம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

ஹேமந்த் தனி அறைக்குக் கூப்பிட்டான். கண்ணாடிச் சுவர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மீன்கள் பேசுவதுபோல் இருந்திருக்கும்.

"எனக்குப் புரியலன்னா நினைக்கிற? முதல் வாரமே புரிஞ்சுது."

இதற்கு நான் தயாராக வரவில்லை. முட்டாளோடு சண்டை போடத்தான் வந்திருந்தேன்.

"புரிஞ்சும்?"

"ஆகஸ்ட் முடிய இன்வெஸ்டர்ஸ் வராங்க. அந்த ஒரு கிராஃபைத்தான் கேப்பாங்க. அவங்க போகட்டும், மாத்திடலாம். நீ எழுதினதையே போட்டுக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன ஆயிடும்? வீட்டுல இருக்கவங்களுக்குத்தானே தெரியப்போகுது? திருடனுக்கா தெரியுது?"

வீட்டில் இருப்பவர்கள் என்ற சொல்லை இவ்வளவு பத்திரமான சொல்லாக உச்சரிக்கிற ஒருவனை அப்போதுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். உண்மையாகவே நம்புகிறான். அவன் எங்கே போனாலும் ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"உனக்கு ஏன் இது இவ்ளோ பர்சனலா இருக்கு?"

"பர்சனல் இல்ல" என்றேன்.

ஜூலை 23, புதன்

நூலகத்துக்குப் போகவில்லை. ஹாஸ்டலிலேயே இருந்தேன். இப்போது 'ஆம்' அமுக்கி உண்மையாகவே நிறுத்தலாம். நிறுத்திய நொடியில் அண்ணனுக்குத் தகவல் போகும்; அந்த மாடி வீட்டின் புள்ளி ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது, நேரே அங்கேதான் வந்து நிற்பான். அதனால் புள்ளி ஒழுங்காக ஹாஸ்டலுக்கும் அலுவலகத்துக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது, நல்ல பெண்ணாக.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

"இன்னைக்கு ஏம் போகல?"

"தலைவலி."

"தலவலியா. சரி. வெள்ளிக்கெழம காலம்பற வாரோம்."

"எதுக்கு?"

"உன்னியப் பாக்கத்தான். நீ ஒண்ணும் பேச வேண்டாம். அந்த வீட்டுக்காரன் பேசட்டும்."

வாரேன் என்று சொல்லவில்லை. வாரோம் என்றான். எங்கள் தெருவில் இந்த 'வாரோம்' போய்விட்டு வந்த வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் இன்னமும் வாசல் தெளிப்பதில்லை.

பக்கத்து அறையில் ஃபோன் கடன் வாங்கித் தா.வுக்குப் பேசினேன். "நான் எங்கேயும் ஓட மாட்டேன்" என்றுதான் முதலில் பதில் வந்தது. கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சத் தெரியும் என்பதே இன்றுதான் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

காலையில் தா. வீட்டைக் காலி செய்தாயிற்று. ஒரு தட்டு ரிக்‌ஷாவில் அடங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா காரணம் கேட்டாராம், வேலை மாற்றம் என்று சொல்லியாகிவிட்டது. பாதி உண்மை. அவர் நல்லவர், கிளம்பும்போது ஊறுகாய் ஜாடி கொடுத்திருக்கிறார்.

நான் அலுவலகம் போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ஹேமந்த் படிக்கும்வரை நின்றேன்.

"நோட்டீஸ் பீரியட் இருக்கு, தெரியும்ல?"

"தெரியும். வர மாட்டேன்."

"ஒரு பட்டனுக்காகவா இஸ்ஸி? சீரியஸா?"

"இசக்கி."

"என்ன?"

"பேரு. இசக்கி."

அவன் மீட்டிங் என்று எழுந்து போனான். நான் என் மேசையைத் துடைத்தேன், தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன், நிலப்படப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜெபினின் எண்ணை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கோயம்பேடு தாண்டிய பிறகுதான் கவனித்தேன், ஃபோனை அலுவலகத்திலேயே மறந்து வைத்துவிட்டேன். சார்ஜரில் மாட்டியபடி.

ஜூலை 25, வெள்ளி

இருக்கிறோம்.

ஜூலை 27, ஞாயிறு

புது எண்ணிலிருந்து ஜெபினைக் கூப்பிட்டேன். அவன் என் பெயரைச் சொல்லாமல், "ஹலோ, சொல்லுங்கம்மா" என்று படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு விட்டான்.

"எங்க நிக்க நீ? வேண்டாம், சொல்லாத. சொன்னாலும் கேக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னான். அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் முதலில் மந்தைவெளிக்குப் போயிருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அதனால் புள்ளியைப் பிடித்துக்கொண்டு பெருங்குடி. வாசலில் செக்யூரிட்டியிடம் மரியாதையாகத் தங்கையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லி மேலே வந்துவிட்டார்கள்.

"உங்க அண்ணன் ஃபோன எடுத்து உனக்கு அடிச்சாரு. சத்தம் எங்கேருந்து வந்துன்னு நெனைக்க? ஹேமந்த் டிராயர்ல இருந்து!"

"அப்படியா" என்றேன். மறதிக்காரி நான்.

"அப்படியாவா? டிராயரத் தொறந்தா உன் ஃபோன், சார்ஜரோட. அவ்வளவுதான், சட்டைக் காலரப் புடிச்சிட்டாரு. 'நீதானாலே அது? நீதானா அந்த மாடி வீட்டுக்காரன்?' நாங்க நாலு பேரு சேந்து பிரிச்சோம். ஹேமந்த் வெளுத்துப் போயிட்டான். 'சார், நான் மேனேஜர் சார், நாங்க கூடவே ஆப் கம்பெனி சார்'னு கையெடுத்துக் கும்பிட்டான்."

அப்புறம்தான் அண்ணன் சுவரில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்திருக்கிறான். காலரை விட்டிருக்கிறான். சுருங்கியதைத் தன் கையாலேயே நீவிவிட்டிருக்கிறான்.

"மன்னிப்பு கேட்டாரா?"

"மன்னிப்பா? கையப் புடிச்சுக் குலுக்குனாரு மக்கா. 'சார், நீங்களா இத உண்டாக்குனது? தங்கமான ஆப்பு சார். நம்ம கடைக்கு வாற எல்லாருக்கும் இதைத்தான் ஏத்திக் குடுக்கேன். பொம்பளப் புள்ளைக நிறுத்துனாலும் நிக்காதுன்னு சொல்லித்தான் குடுக்கேன். நம்ம ஏரியாவுல உங்களத்தான் எல்லாரும் வாழ்த்துதாங்க.' கூட வந்தவனுங்களும் ஆமா சார், ஆமா சார்ங்கான். ஒருத்தன் ஹேமந்த் கூட நின்னு செல்ஃபி எடுத்தான். ஹேமந்த் சிரிக்கவும் செஞ்சான், படத்துக்கு."

ஒரு யூசரைக் காட்டு என்று கேட்டிருந்தான்.

அவர்கள் என் ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அண்ணன், மூன்று வருடம் என்ன மூன்று பிறவி ஆனாலும் கண்டுபிடிப்பேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னானாம். அதில் எந்த ஆப்புக்கும் பங்கில்லை. அது எனக்குத் தெரியும்.

"ஹேமந்த்?"

"கக்கூசுக்குப் போனான். ரொம்ப நேரம் வரல. வந்து என் பக்கத்துல ஒக்காந்தான், 'அந்தப் பக்கத்த மாத்து, இப்பவே'ன்னான். இன்வெஸ்டர்னேன். கேக்கல. அவனே டைப் பண்ணினான். ஏற்கெனவே வேண்டாம் அமுக்குன அத்தனை பேருக்கும் இன்னொரு தடவ புதுசா கேக்கச் சொல்லிட்டான். பயந்துட்டானா, வெக்கப்பட்டானா, எனக்குத் தெரியல கேட்டியா. கிராஃப் நேத்தே விழுந்துட்டு. பயங்கரமா விழுந்துட்டு."

வைத்த பிறகு தா.வின் ஃபோனில் 'கூடவே'யை இறக்கி, அந்தப் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டு உடனே அழித்தேன். என் வாக்கியம்தான். 'இருப்பிடம் காட்டுவதை நிறுத்தவா?' கீழே பட்டனில் அவசரத்தில் சின்ன ர போட்டிருக்கிறான்: 'நிருத்து'.

இரண்டு வருடமாக அந்த ஆப்பில் ஒரு எழுத்துப் பிழை விடாமல் காத்தவள் நான். ஆறு லட்சம் ஃபோன்களில் 'நிருத்து'. இருக்கட்டும். அமுக்கினால் நிற்கிறது.